கம்பெனி கார்: மாதம் 13,166 ரூபாய் மிச்சமா?

கேள்வி: சிறுசேரி சிப்காட்டில் ஒரு ஐடி நிறுவனத்தில் டெலிவரி மேனேஜராக இருக்கிறேன். வயது 39. வீடு மேடவாக்கம். இந்த வருடம் பதவி உயர்வோடு கம்பெனி கார் லீஸ் திட்டத்துக்கும் தகுதி வந்திருக்கிறது. ஆன்-ரோடு 15 லட்சம் வரும் 1.5 லிட்டர் பெட்ரோல் கிரெட்டாவைப் பார்த்து வைத்திருக்கிறேன். லீஸ் 48 மாதம். இன்சூரன்ஸ், ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்து மாத வாடகை 36,000 ரூபாய், பெட்ரோலுக்கு 8,000 ரூபாய். இரண்டும் என் சிடிசியிலிருந்தே (கம்பெனி எனக்கென்று ஒதுக்கும் மொத்தச் சம்பளம்), ஸ்பெஷல் அலவன்ஸில் கழியும். கடைசியில் வரி உட்பட மூன்றரை லட்சம் கொடுத்தால் காரை நானே வாங்கிக்கொள்ளலாம். மாதம் 13,166 ரூபாய் வரி மிச்சம் என்று ஹெச்ஆரில் கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். புதிய வரி முறையில் இருக்கிறேன். வரிக்குரிய வருமானம் 30 லட்சம்.

இப்போது ஓடுவது 2018 ஸ்விஃப்ட். கடன் இல்லை. வாரம் மூன்று நாள் ஆபீஸ். மாதத்தில் சில நாள் போரூர் கிளைக்கும் போக வேண்டும். மாமியாருக்கு முழங்கால் வலி, தாழ்வான சீட்டில் ஏறி இறங்கக் கஷ்டப்படுகிறார். அடுத்த வருடம் பெரும்பாக்கம் பக்கம் ஃபிளாட் வாங்க வீட்டுக் கடன் போடும் எண்ணம் இருக்கிறது. வேறொரு கம்பெனியிலும் பேச்சு நடக்கிறது. “ஆபீஸ் கார் என்றைக்கும் நம்ம கார் ஆகாது” என்கிறார் கணவர். அண்ணனோ, “டாக்ஸ் ஃப்ரீயா கார் குடுக்கிறாங்க, விடாதே” என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
— வாசகி, மேடவாக்கம்

பதில்:

அன்புள்ள வாசகிக்கு, வணக்கம்.

இந்த வருடம் எடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. ஹெச்ஆர் கொடுத்த கணக்கில் தப்பு எதுவும் இல்லை. 13,166 ரூபாய் சரியான எண்தான். ஆனால் அந்த எண் பதில் சொல்லும் கேள்வி வேறு, உங்கள் வீட்டில் நடக்கும் விவாதம் வேறு.

முதலில் அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம். மாதம் 36,000 வாடகை, 8,000 பெட்ரோல், ஆக 44,000 ரூபாய் உங்கள் சம்பளத்திலிருந்து கழிகிறது. அதற்குப் பதிலாகக் கம்பெனி உங்களுக்கு ஒரு காரைத் தருகிறது. கார் ஒரு சலுகை என்பதால் அதற்கு ஒரு மதிப்புப் போட்டு உங்கள் வருமானத்தில் சேர்க்க வேண்டும். அந்த மதிப்பை எப்படிப் போடுவது என்று, 2025-26 நிதியாண்டுக்கு, 1962-ஆம் ஆண்டு வருமான வரி விதிகளில் 3-வது விதி சொல்கிறது. கம்பெனியின் கார், அல்லது கம்பெனி வாடகைக்கு எடுத்த கார், ஆபீஸ் வேலைக்கும் சொந்த வேலைக்கும் சேர்த்து ஓடுகிறது, பெட்ரோல், சர்வீஸ் செலவும் கம்பெனி கணக்கில் போகிறது என்றால், 1.6 லிட்டர் வரையிலான இன்ஜினுக்கு மாதம் 1,800 ரூபாய். அதற்கு மேல் 2,400 ரூபாய். டிரைவரும் கொடுத்தால் கூட 900. காரின் விலை எட்டு லட்சமா எண்பது லட்சமா என்று விதி கேட்பதில்லை.

உங்கள் கார் 1.5 லிட்டர். ஆகவே 44,000 ரூபாய் வரிக் கணக்கிலிருந்து வெளியே போகிறது, 1,800 ரூபாய் உள்ளே வருகிறது. மீதி 42,200 ரூபாய்க்கு நீங்கள் கட்டியிருக்க வேண்டிய வரி, 30 சதவீதமும் அதன் மேல் 4 சதவீத செஸ்ஸும் சேர்த்து 31.2 சதவீதம். அதுதான் 13,166 ரூபாய். இது விலக்கு அல்ல, மதிப்பீடு. அதனால்தான் வீட்டு வாடகைப்படி, 80சி சேமிப்புக் கழிவு எல்லாம் பறிபோன புதிய வரி முறையிலும் இந்தச் சலுகை மட்டும் உயிரோடு இருக்கிறது. உங்கள் டீமில் திடீரென்று எல்லாரும் லீஸ் கார் எடுப்பதற்கும் இதுதான் காரணம்.

இங்கே ஒரு நிபந்தனை இருக்கிறது. கார் ஓரளவாவது ஆபீஸ் வேலைக்கு ஓட வேண்டும். முழுக்க முழுக்கச் சொந்த உபயோகம் என்றால் 1,800 ரூபாய் மதிப்பீடு செல்லாது. கம்பெனி கட்டும் வாடகையும் ஓட்டும் செலவும் அப்படியே உங்கள் வருமானமாகிவிடும், மிச்சம் எதுவும் இருக்காது. உங்களுக்குப் போரூர் கிளைக்குப் போகும் வேலை இருப்பதால் அந்தக் கவலை இல்லை. ஆனால் வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டு, கார் பள்ளிக்கூடத்துக்கும் கல்யாண வீட்டுக்கும் மட்டும் போகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். திட்டத்தை விற்க வருபவர்கள் இந்த நிபந்தனையை வேகமாகக் கடந்துவிடுவார்கள்.

இன்னொன்று. நான் சொன்ன தொகைகள் 2025-26 நிதியாண்டுக்கானவை. 2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டமும் அதற்கான விதிகளும்தான் பொருந்தும். லீஸ் நான்கு வருடம் ஓடப்போவது, ஆகவே 1,800 என்ற எண்ணை நான்கு வருடத்துக்கும் நிலையானதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அதற்காகப் பயப்படவும் தேவையில்லை. அந்த மதிப்பு ஆயிரம் ரூபாய் ஏறினால் உங்களுக்கு வரி மாதம் 312 ரூபாய் ஏறும், அவ்வளவுதான். வரிச் சட்டம் மாறுமோ என்ற பயத்தில் லீஸை விட வேண்டியதில்லை. விடுவதற்கு வேறு காரணங்கள் இருக்கின்றன.

அப்புறம், 13,166 என்பது உங்கள் வருமானத்துக்கு வரும் எண். இதே காரை, இதே வாடகையில், 18 லட்சம் வரிக்குரிய வருமானம் உள்ள உங்கள் ஜூனியர் எடுத்தால் அவருக்கு மிச்சமாவது மாதம் சுமார் 7,450 ரூபாய்தான். கழிகிற பணத்தில் ஒரு பங்கு 20 சதவீத அடுக்கிலும் பெரும்பங்கு 15 சதவீத அடுக்கிலும் விழுவதுதான் காரணம். கேன்டீனில் ஒருவர் சொல்லும் மிச்சக் கணக்கு பக்கத்து நாற்காலிக்காரருக்குப் பொருந்தாது.

சரி, லீஸா, கடனா என்ற போட்டியைப் பார்ப்போம். அதே கிரெட்டாவை நீங்களே வாங்குகிறீர்கள் என்று வையுங்கள். மூன்று லட்சம் முன்பணம், 12 லட்சம் வங்கிக் கடன், 9 சதவீத வட்டி, 48 மாதம். இஎம்ஐ சுமார் 29,860 ரூபாய். நான்கு வருடத்தில் முன்பணமும் சேர்த்து 17.33 லட்சம். இரண்டாம் வருடத்திலிருந்து இன்சூரன்ஸுக்கு ஒரு 1.2 லட்சம், பெட்ரோலுக்கு 3.84 லட்சம். மொத்தம் 22.37 லட்சம். எல்லாம் வரி கட்டிய பிறகு கையில் வந்த பணம். லீஸில் 44,000 வீதம் 48 மாதத்துக்கு 21.12 லட்சம், அதில் வரி மிச்சம் 6.32 லட்சத்தைக் கழித்து, கடைசியில் கொடுக்கும் 3.5 லட்சத்தைக் கூட்டினால் 18.3 லட்சம். நான்கு வருடம் கழித்து இரண்டிலும் கார் உங்களுடையதுதான். வித்தியாசம் நான்கு லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். சர்வீஸ் செலவு இரண்டிலும் உண்டு என்பதால் அதைச் சேர்க்கவில்லை.

இந்தப் போட்டியில் லீஸ் ஜெயிக்கிறது, சந்தேகமே இல்லை. உங்கள் அண்ணன் சொல்வதில் இவ்வளவு உண்மை இருக்கிறது.

ஆனால் நீங்கள் கடிதத்தில் எங்கேயுமே, “கிரெட்டா வாங்க வங்கிக்குப் போகவிருந்தேன்” என்று எழுதவில்லையே. தகுதி வந்தது, அதனால் காரைப் பார்த்தீர்கள். லீஸ் திட்டம் என்ற ஒன்று இல்லாவிட்டால் அடுத்த நான்கு வருடம் உங்கள் வாசலில் எந்தக் கார் நின்றிருக்கும்? ஸ்விஃப்ட்தான். அப்படியானால் லீஸை ஒப்பிட வேண்டியது ஸ்விஃப்டோடு. ஆடித் தள்ளுபடியில் பாதி விலைக்கு வாங்கிய பட்டுப்புடவை, பீரோவில் ஏற்கெனவே புடவை இருக்கிறவருக்கு மிச்சம் அல்ல, செலவு. இங்கேயும் அதே கதை.

அந்தக் கணக்கு இப்படி வருகிறது. லீஸ் எடுத்தால் உங்கள் டேக்-ஹோம், அதாவது கையில் வரும் சம்பளம், மாதம் 30,834 ரூபாய் குறையும். 44,000 போய், 13,166 வரி குறைகிறது. ஸ்விஃப்டுக்கும் நீங்கள் மாதம் எட்டாயிரம் போலப் பெட்ரோல் போடுகிறீர்கள் என்று வைத்துக் கழித்தால், புதிய காருக்காக மட்டும் கூடுதலாகப் போவது மாதம் சுமார் 22,800 ரூபாய். 48 மாதத்துக்கு ஏறக்குறைய 11 லட்சம். கடைசியில் மூன்றரை லட்சம். ஸ்விஃப்டை விற்று வரும் பணத்தையும், அதற்குக் கட்டிவந்த இன்சூரன்ஸையும் கழித்துக்கொள்ளுங்கள், அப்போதும் பெரிய தொகைதான். அந்தப் பணத்துக்கு உங்களுக்குப் புதிய கார் கிடைக்கிறது, மாமியாருக்கு உயரமான சீட் கிடைக்கிறது. அது வேண்டும், அதற்காக இவ்வளவு செலவழிக்கிறோம் என்று தெரிந்தே எடுத்தால் நான் குறுக்கே நிற்க மாட்டேன். மாதம் பதிமூன்றாயிரம் லாபம் என்று நினைத்து எடுப்பதில்தான் எனக்குச் சம்மதமில்லை.

“ஸ்விஃப்டையே வைத்துக்கொண்டு பெட்ரோல் பில்லைக் கம்பெனியில் கொடுத்தால் வரி மிச்சமாகாதா?” என்று அடுத்து கேட்பீர்கள். ஆகும், ஆனால் சொற்பம். விதி இரண்டு கார்களையும் நேர் எதிராகப் பார்க்கிறது. கம்பெனி காரில் எவ்வளவு செலவானாலும் உங்கள் வருமானத்தில் சேருவது 1,800. சொந்தக் காருக்குக் கம்பெனி செலவைத் திருப்பிக் கொடுத்தால், எவ்வளவு கொடுத்தாலும் வரிக்கு உட்படாமல் கழிவது 1,800, மீதியெல்லாம் வருமானம். ஆகவே ஸ்விஃப்டில் உங்களுக்கு மிச்சம் மாதம் 562 ரூபாய். போரூர் பயணங்களுக்குத் தேதி, போன இடம், கிலோமீட்டர், செலவு என்று முறையாகப் பதிவு வைத்து, அது ஆபீஸ் வேலைதான் என்று மேலதிகாரியும் சான்றளித்தால் கூடுதலாகக் கழிக்க வழி இருக்கிறது. உங்கள் கம்பெனி அதை ஏற்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். 562 ரூபாய் என்றாலும் வருடத்துக்கு 6,700 ரூபாய்க்கு மேல் வருகிறதே, விடுவானேன்.

இனி உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதிய இரண்டு விஷயங்களுக்கு வருகிறேன். என் முடிவை இந்த இரண்டும்தான் தீர்மானித்தன.

ஒன்று, வீட்டுக் கடன். வங்கி உங்களுக்கு எவ்வளவு கடன் தரலாம் என்று பார்க்கும்போது பே ஸ்லிப்பையும், கம்பெனி தரும் வருமான வரிச் சான்றான ஃபார்ம் 16-ஐயும்தான் கையில் எடுக்கிறது. லீஸ் எடுத்தால் ஃபார்ம் 16-இல் உங்கள் வருமானம் வருடத்துக்கு ஐந்து லட்சம் குறைவாகத் தெரியும், டேக்-ஹோம் முப்பதாயிரம் குறைந்திருக்கும். டேக்-ஹோமில் பாதி வரை இஎம்ஐ போகலாம் என்று கணக்குப் பார்க்கும் வங்கியில், உங்கள் இஎம்ஐ தகுதி 15,400 ரூபாய் சுருங்கும். 8 சதவீத வட்டி, 20 வருடம் என்றால் ஒரு லட்சத்துக்கு இஎம்ஐ சுமார் 836 ரூபாய். அதாவது கடன் தகுதியில் 18 லட்சம் போல ஓட்டை விழுகிறது. பெரும்பாக்கத்தில் இரண்டு படுக்கையறையா மூன்று படுக்கையறையா என்பதையே மாற்றிவிடும் தொகை இது.

நியாயமாகச் சொல்ல வேண்டும், கார் கடன் இதைவிட மோசம். லீஸ் உங்கள் சிபில் அறிக்கையில் கடனாக ஏறுவதில்லை. கார் கடனின் இஎம்ஐயை வங்கி தகுதியிலிருந்து முழுசாகக் கழித்துவிடும். ஆனால் ஸ்விஃப்ட் இந்தக் கணக்கில் தலையே காட்டாது. வீடு வாங்கும் வருடத்தில் அதைப்போல நல்ல கார் கிடையாது.

இரண்டாவது, வேறு கம்பெனியில் நடக்கும் பேச்சு. லீஸ் என்பது உங்கள் கம்பெனிக்கும் லீஸ் நிறுவனத்துக்கும் உள்ள ஒப்பந்தம். வேலையை விட்டால், அல்லது வேலை உங்களை விட்டால், அந்த ஒப்பந்தம் நடுவில் முறிகிறது. அப்போது பொதுவாக மூன்று வழிகள் இருக்கும். புதிய கம்பெனிக்கும் அதே லீஸ் நிறுவனத்தோடு ஏற்பாடு இருந்து அவர்களும் ஒத்துக்கொண்டால் லீஸை மாற்றிக்கொள்ளலாம். இல்லாவிட்டால் மீதியை மொத்தமாகக் கட்டிக் காரை எடுத்துக்கொள்ளலாம். அதுவும் முடியாவிட்டால் காரைத் திருப்பிக் கொடுத்து, அவர்கள் சொல்லும் நஷ்டத்தைக் கட்டலாம். முதல் வழி அமைந்தால் அதிர்ஷ்டம். பெரும்பாலும் இரண்டாவதில்தான் வந்து நிற்கும்.

உங்கள் கணக்கில் ஒன்றரை வருடத்தில் வெளியேறினால் மீதி அசல், கடைசி மதிப்பு, முன்கூட்டி முடிக்கும் கட்டணம், அதற்கு ஜிஎஸ்டி என்று எல்லாம் கூடி பத்து லட்சத்தைத் தாண்டினாலும் ஆச்சரியப்பட மாட்டேன். அதைக் கடைசிச் சம்பளக் கணக்கு முடிக்கும்போதே பிடித்துக்கொள்ளவும் ஒப்பந்தத்தில் இடம் வைத்திருப்பார்கள். புதிய கம்பெனியில் நல்ல சம்பளம் கிடைத்தும், காரை நினைத்து ஒருவர் தயங்குவதை என் அலுவலகத்துக்கு வரும் ஐடி ஊழியர்களிடம் பார்க்கிறேன். பேச்சு நடந்துகொண்டிருக்கும் நேரத்தில் நான்கு வருடக் கையெழுத்துப் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. நீங்கள் அனுப்பிய தாளில் வாடகை இருக்கிறது, கடைசி விலை இருக்கிறது. 12-வது, 24-வது, 36-வது மாதத்தில் வெளியேறினால் எவ்வளவு என்ற அட்டவணை மட்டும் இல்லை. அது எழுத்தில் வராமல் யாரும் எந்த லீஸிலும் கையெழுத்துப் போடக் கூடாது.

ஒரு வருடம் கழித்து, வேலை விஷயம் தெளிந்து, வீட்டுக் கடனும் கைக்கு வந்த பிறகு மறுபடி இந்தத் திட்டத்தைப் பார்க்கலாம். அப்போது காரைக் கொஞ்சம் சின்னதாகப் பார்க்கச் சொல்வேன். காரணம் வரி. 2025 செப்டம்பர் 22 முதல் நான்கு மீட்டருக்குள், 1,200 சிசிக்குள் இருக்கும் பெட்ரோல் காருக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். கிரெட்டா நான்கு மீட்டரைத் தாண்டுவதால் 40 சதவீதம். காரை வாடகைக்குக் கொடுக்கும்போதும் அந்தக் காருக்கு உரிய விகிதத்திலேயே ஜிஎஸ்டி போடுவார்கள். வங்கிக் கடனில் வட்டிக்கு ஜிஎஸ்டி கிடையாது. லீஸில் வட்டியும் வாடகைக்குள் கரைந்திருப்பதால் அதற்கும் சேர்த்து 40 சதவீதம் கட்டுகிறீர்கள். இப்படிக் கட்டும் ஜிஎஸ்டியை உங்கள் கம்பெனியால் உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுக்க முடியாது, ஊழியர்களின் கார்களுக்குச் சட்டம் அதைத் தடுக்கிறது. எனவே முழுத் தொகையும் உங்கள் தலையில்தான். உங்கள் 36,000 ரூபாய் வாடகையில் பத்தாயிரம் வரை வரியாகவே இருக்கும். ஒரு கையால் 13,166 ரூபாய் வருமான வரியை மிச்சப்படுத்தி, மறுகையால் பத்தாயிரத்தை ஜிஎஸ்டியாகக் கொடுக்கிறோம் என்பதை ஹெச்ஆர் தாள் காட்டாது.

தமிழ்நாட்டின் சாலை வரியும் இதே பக்கம்தான் சாய்கிறது. விலை ஐந்திலிருந்து பத்து லட்சம் வரையிலான காருக்கு ஆயுள் வரி 13 சதவீதம், பத்தைத் தாண்டி இருபது வரை 18 சதவீதம். 9.9 லட்சம் காருக்குச் சுமார் 1.29 லட்சம் வரி, 10.2 லட்சம் காருக்கு 1.84 லட்சம். விலை வித்தியாசம் முப்பதாயிரம், வரி வித்தியாசம் ஐம்பதாயிரத்துக்கு மேல். நான்கு மீட்டருக்குள் உயரமான சீட் உள்ள குட்டி எஸ்யூவிகள் இப்போது நிறைய இருக்கின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமியாரையும் ஷோரூமுக்கு அழைத்துப் போய் ஏறி இறங்கிப் பார்க்கச் சொல்லுங்கள். காரைத் தேர்ந்தெடுப்பதில் உங்கள் வீட்டில் அவர் முழங்காலுக்குத்தான் முதல் ஓட்டு. மின்சார கார் என்றால் ஜிஎஸ்டி 5 சதவீதம்தான், லீஸ் வாடகையில் அந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும். ஆனால் உங்கள் அடுக்ககத்தின் கார் நிறுத்துமிடத்தில் சார்ஜர் வைக்க சங்கம் ஒத்துக்கொள்கிறதா என்பதை முதலில் கேட்டுவிடுங்கள். வீடு மாறும் திட்டம் வேறு இருக்கிறது.

உங்கள் கணவர் சொன்னதற்கு வருகிறேன். லீஸ் முடியும் வரை வண்டியின் பதிவுச் சான்று (ஆர்சி) பொதுவாக லீஸ் நிறுவனத்தின் பெயரில்தான் இருக்கும், அந்த மட்டில் அவர் சொல்வது சரி. நடைமுறையில் அதனால் வரும் தொல்லைகள் சில்லறையானவை. சலான் அவர்களுக்குப் போய், அங்கிருந்து உங்களுக்கு வரும். ஃபாஸ்டேக் விஷயத்துக்கும் அவர்களிடம் கேட்க வேண்டும். லீஸ் நிறுவனம் வேறு மாநிலத்தில் பதிவு செய்து வண்டியைத் தர முன்வந்தால் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே ஓடினால் இங்கேயே மறுபதிவு செய்து வரி கட்ட வேண்டும், அந்த அலைச்சல் உங்களுக்கு எதற்கு?

ஆனால் இன்சூரன்ஸ் சில்லறை விஷயம் அல்ல, அதுவும் மேடவாக்கம், பெரும்பாக்கம் பக்கம் இருப்பவருக்கு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணையில் கார்கள் மிதந்து போனதை எல்லாரும் பார்த்தோம். ஐப்பசி வந்தால் வேளச்சேரி மேம்பாலத்தில் கார் நிறுத்த இடம் பிடிப்பது இப்போது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. சாதாரண முழு இன்சூரன்ஸில் வெள்ளச் சேதம் அடக்கம்தான். ஆனால் தண்ணீர் புகுந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து, அதனால் இன்ஜின் போனால் அது கிடைக்காது. அதற்கு இன்ஜின் பாதுகாப்பு என்று தனிச் சேர்க்கை வேண்டும். லீஸ் காரில் பாலிசியைத் தேர்ந்தெடுப்பவர் நீங்கள் அல்ல. வாடகையில் அடங்கிய பாலிசியில் ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காமல் தரும் சேர்க்கை) இருக்கிறதா, இன்ஜின் பாதுகாப்பு இருக்கிறதா, கார் முழுதாகப் போனால் இன்வாய்ஸ் மதிப்புத் தருவார்களா என்று கேளுங்கள். முழு நஷ்டம் என்றால் இன்சூரன்ஸ் பணம் உரிமையாளரான லீஸ் நிறுவனத்துக்குப் போகும். அவர்களுக்கு வர வேண்டிய பாக்கியை அது நிரப்பாவிட்டால் மீதியை உங்களிடம்தான் கேட்பார்கள்.

இதோடு சேர்ந்த ஒன்று, பலருக்குத் தெரியாதது. ஸ்விஃப்டில் இத்தனை வருடம் கிளைம் எதுவும் வாங்காமல் ஓட்டியிருந்தால் உங்களுக்கு நோ கிளைம் போனஸ் 50 சதவீதம் வரை சேர்ந்திருக்கும். அது காருக்கு உரியது அல்ல, உங்களுக்கு உரியது. காரை விற்றாலும் சான்று வாங்கி வைத்துக்கொண்டு அடுத்த காருக்குப் பயன்படுத்தலாம். ஆனால் அந்தச் சான்று மூன்று வருடம்தான் செல்லும். நான்கு வருட லீஸில், பாலிசி வேறொருவர் பெயரில் ஓடிக்கொண்டிருக்கும்போது, உங்கள் போனஸ் காலாவதியாகிவிடும். லீஸ் முடிந்து காரை உங்கள் பெயருக்கு மாற்றும்போது பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும்.

லீஸ் வாடகை ஸ்பெஷல் அலவன்ஸிலிருந்து கழிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள், நல்லது. பேசிக் குறையவில்லை, ஆனாலும் பிஎஃப், கிராஜுவிட்டி கணக்கு மாறுகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அடுத்த வருடம் புதிய தாள் கொடுத்தாலும் இதை ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹெச்ஆரிடம் இப்போதைக்கு நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றுதான். இந்த வருடத் தகுதியை அடுத்த வருடம் பயன்படுத்த முடியுமா? பெரும்பாலும் முடியும், தகுதி பதவிக்கு வருவது. “இந்த மாதத்தோடு சலுகை முடிகிறது” என்று யாராவது அவசரப்படுத்தினால் அது லீஸ் நிறுவனத்தின் அல்லது ஷோரூமின் தள்ளுபடியாக இருக்கும், சட்டத்தின் கெடு அல்ல. இடையில் புதிய கம்பெனியிலிருந்து ஆஃபர் வந்துவிட்டால், சம்பளம் பேசும் மேஜையிலேயே அங்கே கார் லீஸ் உண்டா, எந்த நிறுவனத்தோடு என்று கேட்டுவிடுங்கள்.

ஸ்விஃப்டுக்குப் பெட்ரோல் செலவைத் திரும்பப் பெறும் படிவம் உங்கள் கம்பெனி போர்ட்டலில் இருந்தால் இந்த மாதமே தொடங்குங்கள். நாவலூர் டோல் ரசீதையும் சேர்த்து வையுங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றும் பெட்ரோல் பில் தயாரிக்கும் செயலிகளைத் தொடவே வேண்டாம். வண்டி எண் இல்லாத பில், ஞாயிறு நள்ளிரவில் போட்ட பெட்ரோல், வைக்காத டிரைவருக்கு ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிய சம்பள ரசீது என்று என் மேஜைக்கே வந்திருக்கின்றன. மாதம் 562 ரூபாய்க்காக அந்த வேலை எதற்கு? பங்கில் பில் கேட்டு வாங்கி, கசங்காமல் ஒரு கவரில் போட்டு வைத்தால் போதும். அந்த எழுத்து சீக்கிரம் மங்கிவிடும், அன்றன்றே போனில் படம் எடுத்துவிடுங்கள்.